நடராஜா சொன்ன இரண்டாம் பாதி

இடைவேளை மணி அடித்து, கடலையும் சோடாவும் விற்றுத் தீர்ந்து, மறுபடி மணி அடித்து, எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகும் படத்தின் இரண்டாம் பாதி வந்து சேரவில்லை.

மாத்தளை டவுன் டாக்கீஸின் மனேஜர் நடராஜா வாசலுக்கும் கொட்டகைக்குமாக நடந்துகொண்டிருந்தான். அந்தப் படத்துக்கு இருந்தது ஒரே பிரதி. தம்புள்ளையில் ஒரு கூடாரக் கொட்டகை அதைப் பகலில் ஓட்டும். முதல் பாதி முடிந்ததும் அதன் ரீல் பெட்டி மாத்தளை பஸ் ஏறும். இரண்டாம் பாதி அடுத்த பஸ்ஸில் வரும். அந்த அடுத்த பஸ் வழியில் நாலந்தாவில் டயர் வெடித்து நிற்கிறது என்று லொறிக்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வேறொரு சனிக்கிழமையாக இருந்தால் நடராஜா ஒரு கும்பிடு போட்டுச் சமாளித்திருப்பான். இன்று முன்வரிசையில் புடைவைக் கடை இராசமாணிக்கம் முதலாளி உட்கார்ந்திருந்தார். கோயில் திருவிழா தவிர வேறு வேடிக்கை பார்த்தறியாத மனிதர். அவரை விடாப்பிடியாக இழுத்து வந்தவள் மகள் மங்களேஸ்வரி, பள்ளிக்கூட டீச்சர்.

மங்களேஸ்வரியும் நடராஜாவும் ஒரு வருடமாகப் பழகுகிறார்கள். டிக்கெட் ஜன்னலடியில் தொடங்கிய பேச்சு, வீட்டுக்குத் தெரியாமல் சீகிரியா போய் மலையேறி வரும் அளவுக்கு வளர்ந்திருந்தது. "இது சும்மா பழக்கந்தான், மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க" என்று அவள் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். "நானும் அப்படித்தான்" என்றான் இவன். இவன் சொன்னது பச்சைப் பொய். வருகிற வெள்ளிக்கிழமை கண்டியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வாயைத் திறந்து சொல்லத் தைரியம் வரவில்லை.

படமும் ஏறக்குறைய அதே சங்கதிதான். ஒரு டாக்டரும் ஒரு நர்ஸும், "காதல் கீதல் வேண்டாம், சும்மா பழகுவோம்" என்று பேசி வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். பிற்பாதியில் அது உண்மைக் காதலாகிவிடும் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. முற்பாதி முழுக்க ஊர் சுற்றல் மட்டுமே. இராசமாணிக்கத்தின் முகம் ஏற்கெனவே இறுகிப்போயிருந்தது.

நேரத்தை ஓட்டுவதற்காக விளம்பர சிலைட் போடச் சொன்னான் நடராஜா. ஒப்பரேட்டர் கைக்கு அகப்பட்டதை எடுத்துப் போட்டார். 'மாத்தளையிலேயே மலிவான புடைவை இங்கேதான்' என்று திரை முழுக்க விழுந்தது. அது இராசமாணிக்கத்தின் எதிர்க்கடை விளம்பரம்.

முதலாளி தொண்டையைச் செருமிய சத்தத்தில் நடராஜா மேலே ஓடினான். சிலைட்டை நிறுத்தி, முற்பாதியின் கடைசி ரீலையே இன்னொருமுறை ஓட்டச் சொன்னான். அந்த ரீலில் டாக்டரும் நர்ஸும் ஒரே குடைக்குள் நனைந்துகொண்டே பாடுகிறார்கள். முதல் தடவை சும்மா இருந்த மலிவு டிக்கெட் கலரி, இரண்டாம் தடவை விசிலடித்துக் கூடவே பாடியது. இராசமாணிக்கம் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ரீல் முடிந்ததும் கூச்சல் கிளம்பியது. நடராஜா திரைக்கு முன்னாலிருந்த மேடையில் ஏறிக் கைகூப்பினான். ஒருவரும் கேட்பதாயில்லை. அப்போது பெண்கள் பக்கத்துக் கதிரையிலிருந்து மங்களேஸ்வரி எழுந்தாள். வகுப்பை அடக்கிப் பழகிய குரல் அது.

"பெட்டி வர்ற வரைக்கும் மிச்சக் கதைய மனேஜரே சொல்லட்டும்."

கலரி கைதட்டியது. தெரிந்த பெண்ணே இப்படி மாட்டிவிட்டாளே என்று நடராஜாவுக்கு மனசு கசந்தது. அவனும் பிற்பாதியைப் பார்த்ததில்லை. டாக்டர் மறுநாளே பெண் கேட்டார், தாலி கட்டினார், சுபம் என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு இறங்கப் பார்த்தான். இதற்கா இவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்று பெஞ்சைத் தட்டினார்கள்.

வேறு வழியில்லாமல் கதைக்குள் ஒரு வில்லனைக் கொண்டுவந்தான். கண்டியிலிருந்து மோட்டார் காரில் பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை. முன்வரிசையில் சால்வை சட்டென்று விலகியது. நடராஜா அதைக் கவனிக்கவில்லை. அவனுக்குக் கதை சூடு பிடித்திருந்தது.

ஆசையை அந்த டாக்டர் நேரே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கலரியில் ஒருவர் கேட்டார்.

நடராஜா கலரிப் பக்கம் திரும்பினான். "பயங்க" என்றான். "சும்மா பழக்கந்தான்னு அவ சொன்னப்பவே, எனக்கு அப்படி இல்லேன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. அவ வராத சனிக்கிழமைல திரையில படம் ஓடுதா நிக்குதான்னுகூட அவனுக்குத் தெரியாது. ஒரு தியேட்டர் மனேஜருக்கு அது அழகாங்க?"

இராசமாணிக்கம் மெல்ல எழுந்து நின்றார்.

"தம்பி, அவன் டாக்டருல்ல?"

நடராஜா அவசரமாகச் சமாளித்தான். "ரெண்டாம் பாதியில வேல மாறிட்டாருங்க."

கலரி சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. "பொண்ணோட அப்பன் என்ன பண்றான்?"

"புடைவைக் கடைங்க."

"கோவக்காரனா?"

"தெரியலீங்க முதலாளி. அந்தப் பயத்துலதாங்க ஒரு வருசம் போயிடுச்சி."

இராசமாணிக்கம் திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தார். மங்களேஸ்வரி தலை குனியாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. அவர் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"கண்டிக்காரங்கள வரவேணாம்னு சொல்லிடறேன். வெள்ளிக்கிழம உங்க வீட்டுப் பெரியவங்களக் கூட்டிக்கிட்டு நீங்க வாங்க. சிலைட்டப் பத்தியும் கொஞ்சம் பேசணும்."

கலரி எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. நடராஜா எப்படிப் படியிறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. அந்த மிதப்பிலும், சனங்களுக்கு இன்னும் பாதிப் படம் பாக்கி என்கிற நினைவு வந்தது. பக்கக் கதவடியில் தம்புள்ளை பஸ் கொண்டக்டர் மக்கீன், பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு சாவகாசமாக நின்றிருந்தார். ஒரு டயர் மாற்ற இவ்வளவு நேரமா, மனுசன் உயிர் போய் வந்துவிட்டது என்று நடராஜா அவர்மேல் பாய்ந்தான்.

"என்னை ஏசாதீங்க மனேஜர்" என்றார் மக்கீன். "நீங்க அந்தக் குடைப் பாட்ட ரெண்டாந்தரம் ஓட்டறப்பவே நான் வந்துட்டேன். பெட்டி இப்பத்தான் என் கைக்குத் திரும்பி வந்திச்சி. அப்ப டீச்சர்தான் அத வாங்கித் தன் கதிரைக்குக் கீழ தள்ளிட்டு, 'மனேஜர் வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது'ன்னாங்க."