சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை

"பொண்ணுங்க எல்லாரையும் கோலம் போட அனுப்பிட்டா, ஹால்ல யாரு சார் உக்காருவாங்க?" என்று கேட்டாள் ஷீலா.

தலைமையாசிரியர் சாலமன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "'அறிவியலில் பெண்கள்'னு பேனர் கட்டியிருக்கோம் மிஸ். கோலம் இல்லாம எப்படி?"

கிழக்குத் தாம்பரத்தின் அந்தப் பள்ளியில் ஷீலா பன்னிரண்டு வருஷமாக இயற்பியல் நடத்துகிறாள். இந்த விழாவுக்காக ஒரு மாதம் அலைந்தாள். நாவலூரில் செயற்கைக்கோள்களுக்கு மின்சுற்று வடிவமைக்கும் டாக்டர் ஜெரூஷா காலேபைப் போனிலேயே கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தாள். எல்லாம் ரேஷ்மாவுக்காக.

ரேஷ்மா பிளஸ் டூ. ஷீலாவே வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்ட வேண்டிய கேள்விகளைக் கேட்பவள். எலக்ட்ரானிக்ஸ் படிக்க ஆசை. மறைமலை நகரில் மெஷின் ஓட்டும் அவள் அப்பா கதிரேசனோ, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மிஸ் மெஷினு? பக்கத்து காலேஜ்ல பி.காம். போதும்" என்று முடித்துவிட்டார். ஷீலா நாலு தடவை வீட்டுக்கு நடந்த பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, அந்த டாக்டரம்மா இன்னா சொல்றாங்கன்னு கேக்கறேன். அப்பால முடிவு பண்ணலாம்."

இன்று லீவு போட்டுவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அவருக்குப் பின்னால் இருபது வரிசை காலி. கோலத்துக்கு நாற்பது பேர், பூ தொடுக்க முப்பது பேர், மிச்சப் பெண்கள் வரவேற்பு நடனத்துக்கு. ரேஷ்மா பட்டுப்புடவையில், சந்தனத் தட்டோடு ஹால் வாசலில்.

"காலியா இருந்தா அசிங்கம். பசங்கள உக்கார வைங்க" என்றார் சாலமன்.

பையன்கள் ஓடிவந்தார்கள். இடம் பிடிக்கும் வேகத்தில் யாரோ ஒயரில் கால் மாட்ட, கூரையில் தொங்கிய புரொஜெக்டர் அணைந்தது.

"ரேஷ்மாவைக் கூப்பிடுங்க சார். ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடுவா."

"பட்டுப்புடவையோட மேஜை மேல ஏறுவாளா? அதுவும் அவ அப்பா முன்னாடி? டேய், நாலு பேர் ஏறுங்கடா!"

நாலு பேர் ஏறினார்கள். படீரென்று ஒரு பொறி. மைக், ஃபேன், விளக்கு எல்லாம் போனது.

ஒன்பது மணிக்குள் ஒரு பேட்டரி ஸ்பீக்கர் கிடைத்தது. தமிழ்த்தாய் வாழ்த்தும் நடனப் பாட்டும் ஷீலாவின் போனில்தான் இருந்தன. சாலமன் அதை வாங்கிப் பாட்டு வாத்தியாரிடம் கொடுத்தார். "நடுவுல யாராவது கூப்பிட்டா மானம் போயிடும். பிளைட் மோட்ல போடுங்க."

மணி பத்தரை. விருந்தினர் வரவில்லை.

"சார், போன் குடுங்க. மேடத்துக்குப் பேசிப் பாக்கறேன்."

"டான்ஸ் ஓடிட்டிருக்கே மிஸ்!"

"அப்ப உங்க போன்லேர்ந்து..."

"நம்பர் சொல்லுங்க."

நம்பர் அவள் போனில் இருந்தது.

பதினோரு மணிக்கு, நேரத்தை ஓட்டுவதற்காகச் சாலமனே எழுந்து, 'பெண்கள் ஏன் அறிவியலுக்கு வருவதில்லை?' என்று முக்கால் மணி நேரம் பேசினார். மைக் இல்லாததால் கத்தினார். பையன்கள் விசிலடித்தார்கள். பெண்கள் வெளியே தட்டைக் கை மாற்றிக்கொண்டு நின்றார்கள்.

கதிரேசன் எழுந்து ஷீலாவிடம் வந்தார். கோபமே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க மிஸ். அவ்ளோ படிச்ச அம்மா, சொன்ன டைமுக்கு வர முடியல. புள்ளைக்கு இன்னா ஜுரமோ, வூட்ல இன்னா பேஜாரோ. பொம்பளைங்க பொழப்பு அப்படித்தான். அதான் சொன்னேன், நம்ம புள்ளைக்கு பி.காம். போதும்."

ரேஷ்மா சந்தனத் தட்டைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று ஷீலா பயந்தாள். அவள் அழவில்லை. "சரிப்பா" என்றாள். அப்பாவின் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

பைக் கேட்டைத் தாண்டித் திரும்பும்வரை ஷீலா பார்த்துக்கொண்டே நின்றாள். பார்த்தேயிராத அந்த ஜெரூஷா மீது ஆத்திரம் பொங்கியது. 'ஒரு பொண்ணோட வாழ்க்கை. ஒரு மணி நேரம் வர முடியலையா உனக்கு?'

விறுவிறுவென்று கேட்டுக்கு நடந்தாள். வாட்ச்மேன் அந்தோணிசாமி விறைப்பாக சல்யூட் அடித்தார். காலையில் சாலமன் அவரிடம், 'டாக்டர் காலேப் வர்றாரு, வேற யாரையும் விடாதே' என்று சொல்லியிருந்தார்.

"அண்ணா, டாக்டர் காலேப் வண்டி வந்துச்சா?"

"டாக்டர் சார் இன்னும் வர்லம்மா, அவரு சம்சாரம்தான் ஒம்போது மணிக்கே வந்து, 'நான்தான் டாக்டர்'னு சொல்லிகினு உள்ள பூரப் பாத்துச்சு, நான் வுடுவேனா, ரெண்டு மணி நேரம் கேட்லயே நிக்க வெச்சுத் திருப்பி அனுப்சிட்டேன்!"