ரோமா நானாவின் மணிக்கூடுகள்

அன்று பின்நேரம் நான்கரை மணிக்கு என் மகள் ஸஹ்லா வீட்டில் இல்லை. அதே நேரம், எங்கள் தெருவில் பூட்டிக் கிடந்த வீடுகளின் சுவர் மணிக்கூடுகளிலெல்லாம் நண்பகல் பன்னிரண்டு. இரண்டுக்கும் காரணம் ஒரே ஆள்: ரோமா நானா. இலங்கையில் இருந்துகொண்டே இத்தாலி அரசாங்கத்துக்குக் கீழ்ப்படிந்து நடந்த ஒரே மனிதர் அவர்தான் என்று எங்கு வேண்டுமானாலும் சொல்வேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் வேலை மாற்றலாகி வென்னப்புவப் பக்கம் வந்தேன். கணவர் பாலாவியில், வார இறுதியில்தான் வருவார். கடற்கரைக்குப் போகும் அந்தத் தெருவை முதலில் பார்த்தபோது கனவில் நடப்பது போலிருந்தது. கேட்டுகளில் சிங்கங்கள், உருண்டைத் தூண்கள், மேல்மாடிகளில் கடல் காற்றுக்கு அலையும் வெள்ளைத் திரைகள். ஆட்கள்தான் இல்லை. எல்லாரும் இத்தாலியில் முதியவர்களைப் பராமரித்தும், சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவியும் கட்டிய வீடுகள் அவை. வருடத்தில் இரண்டு கிழமை வந்து இருப்பார்கள். மிச்ச நாளெல்லாம் திறப்புகள் ரோமா நானாவிடம்.

கற்பிட்டிக்காரர். நானா என்றால் எங்களுக்கு அண்ணன்; ரோமா தெரு வைத்த பட்டப்பெயர். கட்டுநாயக்க விமான நிலைய வாசலுக்கு அப்பால் ஓர் அடி போனதில்லை. ஆனால் வீடுகளை, அவற்றின் சொந்தக்காரர் பிழைக்கும் நகரத்தின் பெயரால்தான் சொல்வார். வந்த புதிதில் ஒருநாள், "தங்கச்சி, நாப்போலியில தண்ணி நிக்கிதில்ல, வெரோனாவுக்குள்ள பாம்பு பூந்திரிச்சி" என்றார். நான் உலகச் செய்தி என்று நினைத்து வானொலியைப் போட்டேன்.

மணிக்கூட்டு விவகாரம் மிலானோ வீட்டில் தொடங்கியது. அந்த வீட்டு அக்கா ஒருநாள் காணொளி அழைப்பில் தன் வரவேற்பறையைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். சுவரில் இரவு ஒன்பது மணி. அவளுக்கு இன்னும் மாலையே முடியவில்லை. என் வீடு என்னை விட்டுவிட்டு முன்னால் போகிறது என்று அழுதிருக்கிறாள். ரோமா நானா கதிரையில் ஏறி, அவள் கண் முன்னாலேயே முள்ளைப் பின்னால் திருப்பினார். செய்தி பரவியது. மற்ற வீட்டுக்காரர்களும் கேட்டார்கள். இத்தாலியில் கோடைக்கும் குளிருக்கும் நேரத்தை மாற்றும் நாட்களில், நானா ஏணியோடு வீடு வீடாகப் போய் ஒவ்வொரு மணிக்கூட்டையும் மாற்றிவிட்டு வருவார். அவருடைய இரண்டு கைகளிலும் கடிகாரம்: இடது கை இலங்கை, வலது கை இத்தாலி.

நியூயோர்க்கிலும் புவனஸ் அயர்ஸிலும், பிழைக்கப் போன இத்தாலியர்கள் கூடி வாழ்ந்த தெருக்கள் இருக்கின்றன, அவற்றைச் சின்ன இத்தாலி என்பார்கள் என்று ஒருமுறை அவரிடம் சொன்னேன். நமது சின்ன இத்தாலியில்தான் ஓர் இத்தாலியரும் இல்லை என்று கேலியும் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அங்கயும் ஆராவது ஒருத்தன் ஊரு நேரத்தை வச்சிரிந்திரிப்பான்" என்றார்.

இனி அந்த நான்கரைக்கு வருகிறேன். வேலையிலிருந்து வந்தால் வீடு பூட்டியபடி, வாசலில் பிள்ளை இல்லை. பள்ளிக்கூட வான்காரருக்கு அழைத்தேன். தண்ணீர் இல்லாமல் பள்ளியை முன்கூட்டியே விட்டார்களாம். பகல் பன்னிரண்டுக்கே பிள்ளையைத் தெரு முனையில் இறக்கிவிட்டதாகச் சொன்னார். என் சின்ன வயதில், யுத்தத்தில் மற்ற முஸ்லிம்களோடு ஒரே நாளில் மன்னாரை விட்டுத் துரத்தப்பட்ட குடும்பம் எங்களுடையது. யாராவது வரப் பிந்தினால் எங்களுக்கு யோசனை நல்ல பக்கம் ஓடாது. கடற்கரைக்கு ஓடினேன், கடைக்கு ஓடினேன், மீண்டும் கடற்கரைக்கு. அலைகளைப் பார்க்கப் பயமாக இருந்தது. பூட்டிய வீடுகளை யாரும் நினைக்கவில்லை. பொலிசுக்குப் போவோம் என்று நான்கு பேர் சொல்லத் தொடங்கியபோது ஆறு மணியாகிவிட்டது.

அப்போதுதான் விமான நிலையத்துக்கு ஒருவரை ஏற்றிப்போன ரோமா நானாவின் ஓட்டோ திரும்பி வந்தது. கூட்டத்தைப் பார்த்து இறங்கினார். விஷயம் கேட்டார். வலது கையைப் பார்த்தார், இடது கையைப் பார்த்தார், நெற்றியில் அடித்துக்கொண்டு வெரோனாவுக்குள் ஓடினார்.

நடந்தது இதுதான். பூட்டிய வாசலில் நின்ற பிள்ளையை அவர் வெரோனாவுக்குள் இருத்தி, தின்னப் பணிஸ் ரொட்டி ஒன்று கொடுத்து, "நாலரைக்கு உம்மா வருவாங்க, மணியப் பாத்துட்டுப் போ மகள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது எந்த நாட்டு மணி என்பது அவருக்கே மறந்துவிட்டது. ஸஹ்லா மணியைப் பார்க்க முன்னமே வெள்ளைத் துணி போர்த்திய சோபாவில் தூங்கிவிட்டாள். விழித்துப் பார்த்தபோது சுவரில் பன்னிரண்டரை. அரை மணிநேரம்தான் தூங்கியதாக எண்ணி, திரை மூடிய அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, இத்தாலியப் படப் புத்தகங்களைப் புரட்டியபடி நான்கரைக்காகக் காத்திருந்தாள்.

அந்தி மங்கலில் அவளை ஒரு கையிலும் புத்தகப் பையை மறு கையிலும் பிடித்தபடி வந்தார் ரோமா நானா. கண் கலங்கியிருந்தது. மகள் என்னைப் பார்த்து, "உம்மா, ஏன் இன்னைக்கி வெள்ளனவே வந்துட்டீங்க?" என்றாள். நான் அவரை ஏச வாயைத் திறந்தேன்.

"ஏசுங்க தங்கச்சி, நல்லா ஏசுங்க" என்றார். "அதுக்கு முன்னால புள்ளைக்குச் சோத்தைப் போடுங்க. அவளுக்கு இப்பதான் பகல்."