சீல் உடையாத படம்

திருச்சூர் ஊருக்கு வடக்குநாதர் கோயில் எப்படியோ, கேரளத்துக் கீழ்த்தாடைகளுக்குத் தந்தப்ரபா பல் மருத்துவமனை அப்படி. ஞானப்பல்லைப் பிடுங்குமுன் முப்பரிமாணப் படம் எடுக்காமல் அங்கே ஒருவரையும் நாற்காலியில் சாய்ப்பதில்லை. கீழுதட்டுக்கு உணர்ச்சி கொண்டுபோகும் நரம்பு பல்லின் வேரை எங்கே தொடுகிறது என்பதை அந்தப் படம் மயிரிழை தப்பாமல் காட்டிவிடும்.

சாத்துண்ணி ஆசானுக்கு அந்தச் செய்தியே பாதி வலியைக் குறைத்தது. அவர் கொம்பு ஊதுகிறவர். இருபத்தொன்பது வருடம் வரிசையின் ஓரத்தில் நின்றவருக்கு, இந்த மேட மாதம் வரும் பூரத் திருவிழாவில்தான் முதன்முதலாக நடுவில் நின்று நடத்தும் இடம் கிடைத்திருந்தது. கிடைத்ததும் கிடைக்காததுமாகக் கடைவாயில் வலி. கொம்புக்காரனுக்கு உதடு போனால் எல்லாம் போச்சு.

படம் எடுத்த ரம்லத் திரையைப் பார்த்ததும் முகம் மாறினாள்.

"ஆசானே, பல்லோட ரெண்டு வேருக்கும் நடுவால நரம்பு போகுது. முழுசாப் பிடுங்கக் கூடாது. மேல்பாதிய வெட்டி எடுத்துட்டு வேர அப்படியே விட்டுடலாம். டாக்டரப் படத்தப் பாக்கச் சொல்லுங்க."

"நீயே சொல்லேன் மோளே."

"நான் எடுக்கிற ஆளு. எடுக்கிற ஆளு பேசறதுக்கு இங்க படிவத்துல கட்டம் இல்ல. அறிக்கையில எழுதி உள்ள வைக்கிறேன்."

படமும் அறிக்கையும் பொன்னிற உறைக்குள் போயின. அரக்கு உருக்கிச் சீல் வைத்தார்கள். பதிவேட்டில் எண் போட்டார்கள். பிறந்த குழந்தைக்குக்கூட அந்த ஊரில் இவ்வளவு மரியாதை நடந்ததில்லை.

மூத்த மருத்துவர் பிலிப்போஸ் தரகன் ஆசானின் கழுத்தில் துண்டைக் கட்டி, மரத்துப்போகும் ஊசியும் போட்டுவிட்டார். தட்டில் உறை பளபளத்தது.

"டாக்டரே, அந்தப் படத்த ஒருதரம்..."

"எடுத்தாச்சுல்ல?"

"எடுத்தாச்சு. பாத்தாச்சா?"

தரகன் பொறுமையாகச் சிரித்தார். "ஆசானே, தரப் பரிசோதனைக்காரங்க அடுத்த வாரம் வர்றாங்க. அவங்க படிவத்துல மூணே கட்டம். படம் எடுத்தாச்சா, உறை போட்டாச்சா, சீல் முழுசா இருக்கா. இப்பப் பிரிச்சா சீல் போச்சு. சீல் போனா நட்சத்திரம் போச்சு. உங்க ஒத்தப் பல்லுக்காக நாலு நட்சத்திரத்த விடச் சொல்றீங்களா?"

"நரம்பு நடுவால போகுதுன்னு அந்தப் பொண்ணு..."

"அது எல்லாம் உள்ள பத்திரமா இருக்கு. நீங்க பயப்படவே வேண்டாம்."

அதற்குள் ஊசி வேலை செய்துவிட்டது. ஆசானின் மூன்றாவது வாதம் எச்சிலாக வெளிவந்தது. எழுந்து போயிருக்கலாம். பெரிய டாக்டர் எதிரே துண்டும் கழுத்துமாக ஓடுவது மரியாதையில்லை என்று உட்கார்ந்துவிட்டார். அந்த மரியாதைக்காகப் பின்னால் தன்னை அவர் திட்டிக்கொண்டதற்கு அளவில்லை.

பதினேழு நிமிடத்தில் பல் வேரோடு வந்தது. மிக அழகான பல்.

பத்தாம் நாள் கஞ்சி குடிக்கையில் மனைவி பாருக்குட்டி சொன்னாள், "தாடையில வழியுது, துடைங்க."

"எங்கடீ வழியுது?" என்று கேட்டார் ஆசான். பாருக்குட்டி துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

கொம்பை எடுத்து ஊதினார். உதடு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. அடுப்பு ஊதும் சத்தம்தான் வந்தது. நேரே தரகனிடம் போனார்.

"நரம்பு தூங்குது ஆசானே. முழிச்சுக்கும்."

"எப்ப?"

"அது நரம்போட இஷ்டம். மருத்துவம் அதுல தலையிடறதில்ல."

பூரத்தன்று நடுவில் வேறொருவர் நின்றார். ஆசான் வீட்டுக் கதவைச் சாத்தி வைத்தார். சாத்தினாலும் மேளம் கேட்கத்தான் செய்தது, அழுகையும் வரத்தான் செய்தது.

மருத்துவமனைக்கு மட்டும் நல்ல காலம். எழுநூற்றுப் பதினெட்டு உறைகள், ஒன்றில்கூடச் சீல் உடையவில்லை என்று பரிசோதனைக்காரர்கள் மெய்சிலிர்த்து ஐந்தாம் நட்சத்திரம் கொடுத்தார்கள். பூரம் முடிந்து அடுத்த இடவ மாதத்தில் அதற்கு விழா. தரகனே ஆசானைக் கூப்பிட்டார்.

"நம்ம நோயாளி, நம்ம ஊர்க் கலைஞர். நீங்கதான் கொம்பூதித் தொடங்கி வைக்கணும். மூணு மாசமாச்சு, எல்லாம் சரியாகியிருக்கும்ல?"

சரியாயிற்றா என்று பதிலுக்குக் காத்திருக்காமல் கேட்பது தரகனுக்குப் பல வருடப் பழக்கம். ஆசான் மறுக்காமல் வந்தார்.

மேடையில் குத்துவிளக்கு எரிந்தது. கொச்சியிலிருந்து வந்த பரிசோதனைத் தலைவர் முன்வரிசையில் படிவத்தோடு உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில் ரம்லத். ஆசான் வேட்டியை இறுக்கிக் கட்டி, கொம்பை வானத்துக்குத் தூக்கி, கன்னம் புடைக்க, கண் சிவக்க, முழு மூச்சையும் விட்டு ஊதினார்.

காற்று வந்தது. சபை காத்திருந்தது. மறுபடியும் காற்றுதான் வந்தது.

"என்ன ஆசானே, சத்தமே வரலையே?" என்றார் தலைவர்.

ஆசான் கொம்பை இறக்கினார். தாடையில் எச்சில் வழிந்தது, அவருக்குத் தெரியவில்லை, சபைக்குத் தெரிந்தது.

"கொம்பு எடுத்தாச்சு. ஊதியாச்சு. ரெண்டுலயும் டிக் போட்டுக்குங்க சார். சத்தம் வந்துச்சான்னு கேக்க உங்க படிவத்துல கட்டம் எங்க இருக்கு?"