வெல்லும் மணித்தியாலங்கள் இருபது

மேன்மை தங்கிய பிரித்தானிய அரசாங்கத்தின் விதிப்படி, வெளிநாட்டு மாணவன் ஒருவன் வாரத்துக்கு இருபது மணித்தியாலம் மட்டுமே உழைக்கலாம். மிச்ச நேரத்தில் அவன் அறிவை வளர்க்க வேண்டும். கிருஷாந் அறிவை வளர்ப்பதற்காகச் சேர்ந்த கல்லூரி பெயரளவில் சர்வதேசக் கல்லூரி. இருந்தது வெம்பிளியில், ஒரு கோழிப் பொரியல் கடையின் மேல்மாடியில். வாரத்தில் இரண்டு நாள் திறப்பார்கள். மற்ற நாள்களில் அறிவு தானாக வளர வேண்டியதுதான்.

அவன் தங்கியிருந்தது கிங்ஸ்பரியில், தாய்மாமன் சண்முகராசாவின் கடைக்கு மேல். மாமா பெரிய மனம் படைத்தவர். மருமகனைக் கடையில் நிற்கவிட்டு, சம்பளத்துக்குப் பதிலாக அறையும் சோறும் கொடுத்தார். காகிதத்தில் இருபது மணித்தியாலம். உண்மை அவனுடைய காலுக்குத்தான் தெரியும். புதனும் சனியும் தவறாமல் லொத்தர்ச் சீட்டுப் போட அந்தக் கடைக்குப் போகிறவன் நான். ஆகவே இந்த வரலாறு எனக்கு நன்றாகத் தெரியும்.

அது இணையத்தில் காசு கட்டிப் போக்கர் ஆடுவது ஒரு நாகரிகமாகப் பரவிய காலம். தொலைக்காட்சியில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஆட்கள் மணிக்கணக்காகச் சீட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டு இருக்கவும் ஆட்கள் இருந்தார்கள். கல்லூரியில் முக்கால்வாசிப் பேர் ஆடித் தோற்றார்கள். கிருஷாந் கணக்கில் கெட்டிக்காரன். வெல்ல வாய்ப்பில்லை என்று கண்டால் சீட்டை வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பான். அரசாங்க உத்தியோகத்துக்கு அடுத்தபடியாக, ஒன்றும் செய்யாமல் இருப்பவனுக்குக் காசு வருகிற தொழில் அதுதான் போலிருக்கிறது. சில மாதத்தில் கடை வேலையை விட்டுவிட்டு, மாமாவுக்கு வாடகை கொடுக்கத் தொடங்கினான்.

காசு எங்கிருந்து வருகிறது என்று அறிந்ததும் மாமா கலங்கிப் போனார்.

"எங்கட பரம்பரையிலை சூதாடினவன் எண்டு ஒருத்தனும் இல்லை," என்றார், லொத்தர் மெஷினுக்குக் காகிதச் சுருள் மாற்றியபடி. "உழைக்காமல் வாற காசு ஒட்டாது, தம்பி."

பிறகு ஓர் ஆங்கிலக் கிழவிக்கு, சுரண்டினால் பரிசு தெரிகிற சுரண்டல் கார்ட் ஐந்து கிழித்துக் கொடுத்து, அதிர்ஷ்டம் உண்டாகட்டும் என்று வாழ்த்தி அனுப்பினார். வாடகையை மட்டும் தொடர்ந்து வாங்கினார். அது ஒட்டியது.

இப்படியே போயிருக்கும், விசா முடிகிற நாள் வராவிட்டால். அது 2006. ஊரில் மறுபடியும் யுத்தம் தொடங்கியிருந்தது. திரும்பிப் போ என்றால் எங்கே போவது என்று அவனுக்குத் தெரியவில்லை. பிள்ளை உண்மையாகவே பயந்தான். விசாவை நீட்டச் சொல்லி விண்ணப்பித்தபோது, வங்கிக் கணக்கில் வந்து விழுந்திருந்த காசைக் கண்டு, மாணவர் வாழ்வாதார ஒழுங்குபடுத்தற் பிரிவு அவனை நேரில் அழைத்தது. திருமதி பென்னல் என்ற அதிகாரி மிக மரியாதையாக விசாரித்தார்.

"இது வேலையா, விளையாட்டா?"

விளையாட்டுத்தான் என்றான் கிருஷாந்.

"விளையாட்டுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் நீங்கள் இதில் சம்பாதிக்கிறீர்கள். சம்பாதித்தால் அது வேலை. வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம்?"

முப்பத்தைந்து என்று உண்மையைச் சொல்லிவிட்டான். வளர்ப்பு அப்படி.

"பதினைந்து மணித்தியாலம் கூடிவிட்டதே."

"அதில் பல மணித்தியாலம் நான் தோற்கிறேன், மேடம்."

அம்மையார் பேனையைக் கீழே வைத்தார். சட்டம் இயற்றியவர்களுக்கு இது தோன்றியிருக்கவில்லை. உள்ளே போய் மேலிடத்தைக் கலந்துவிட்டு வந்து தீர்ப்பைச் சொன்னார்.

"தோற்கும் மணித்தியாலங்கள் பொழுதுபோக்கு. அதற்கு வரம்பில்லை. வெல்லும் மணித்தியாலங்கள் வேலை. அவை இருபதைத் தாண்டக் கூடாது."

அப்படியானால் இருபதோடு ஆட்டத்தையே நிறுத்திவிடுகிறேன் என்றான் கிருஷாந். அதற்கும் வழியில்லை. முப்பத்தைந்து என்று பதிவாகிவிட்டது. பரிசீலனை முடியும்வரை விபரத்தை மாற்ற முடியாது.

"மிச்சப் பதினைந்திலும் வென்றுவிட்டால்?"

"தோற்றுவிடுங்கள்," என்றார் அம்மையார்.

வேலை கொடுப்பவரின் கடிதமும் வேண்டுமாம். வேலை கொடுப்பவர் யார்? பிரிவு அதையும் தீர ஆராய்ந்தது. காசு யாரிடமிருந்து வருகிறதோ அவர்தான், அதாவது அவனிடம் தோற்றவர்கள். கிருஷாந் அவர்களுக்கெல்லாம் பணிவாகச் செய்தி அனுப்பினான். அநேகர் பல மொழிகளில் திட்டினார்கள். நோர்வேயில் ஒரு பல் வைத்தியர் மட்டும் நல்ல மனிதர். இவர் கடும் உழைப்பாளி, என்னை ஓய்வே எடுக்காமல் விடியும்வரை வென்றார், எவருக்கும் இவரைப் பரிந்துரைப்பேன் என்று எழுதிக் கொடுத்தார். நிறுவனத் தலைப்பு இல்லாததால் அந்தக் கடிதம் ஏற்கப்படவில்லை.

கிருஷாந் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பிள்ளை. மணிக்கூட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடினான். இருபது முடிந்ததும் நல்ல சீட்டையெல்லாம் எறிந்தான், ஒன்றுக்கும் உதவாத சீட்டுக்குக் காசைக் கட்டினான். வேண்டுமென்றே தோற்பதும் லேசான காரியமில்லை. சில வாரம் எதிராளிகள் அவனைவிடக் கேவலமாக ஆடி, அவனைச் சட்டவிரோதமாக வெல்ல வைத்தார்கள். ஆனாலும் விடாமுயற்சியால் மூன்று மாதத்தில் கணக்கைக் காலியாக்கினான்.

மறுபடி அழைத்தார்கள். வாழ்க்கைச் செலவுக்குப் போதிய பணம் கணக்கில் இல்லை என்றார் திருமதி பென்னல்.

"நீங்கள் சொன்னபடிதானே தோற்றேன்."

"உங்கள் ஒத்துழைப்பைப் பிரிவு பெரிதும் பாராட்டுகிறது," என்று சொல்லி விண்ணப்பத்தை நிராகரித்தார்.

புதிதாக விண்ணப்பிக்கலாம். கட்டிய கட்டணம் திரும்ப வராது. இந்த முறை கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டான். சிலருக்குக் கிடைக்கும், சிலருக்குக் கிடைக்காது, காரணம் சொல்லும் வழக்கமில்லை என்றார். இப்படியொரு சீட்டு மேசையைக் கண்டால் கிருஷாந் கிட்டவும் போகமாட்டான். வேறு மேசை இல்லாததால் உட்கார்ந்தான்.

கட்டணத்தை மாமாதான் கட்டினார். கடைத் தலைப்புப் போட்ட கடிதமும் கொடுத்தார்: வாரம் இருபது மணித்தியாலம், நேர்மையான உழைப்பு, போதிய சம்பளம்.

"இனி அந்தச் சூதாட்டம் ஏலாது. கடையிலைதான் நிப்பாய். சரியோ?"

"ஓம், மாமா."

விசா வந்தது. ஆனால் வேலை உண்மைதானா என்று பிரிவு நேரில் பார்த்து உறுதி செய்யும் என்றும் அதில் இருந்தது.

ஒரு புதன் பின்னேரம் திருமதி பென்னல் கடைக்கு வந்தார். லொத்தர் மூடுகிற நேரம் கிட்டியிருந்ததால் வரிசை வாசல்வரை நின்றது. முன்னால் கல்லூரி அதிபர், அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் அம்மையார். கிருஷாந் டில்லடியில் நின்று எங்கள் எல்லாரிடமும் காசு வாங்கினான். மாமாவும் தன் பிள்ளைகளின் பிறந்த தேதிகளில் தன் வழமையான லொத்தர் ஒன்றைப் போட்டார்.

உங்களைக் கண்ணியமான வேலையில் காண்பது மகிழ்ச்சி என்றார் அம்மையார். இவ்வளவு நேரம் வரிசையில் நின்றதற்காக இரண்டு சுரண்டல் கார்ட் வாங்கி, அலுவலகக் கதவுத் திறப்பால் அங்கேயே சுரண்டினார். பரிசு ஒன்றும் விழவில்லை. இன்னும் இரண்டு வாங்கினார். அதிலும் இல்லை.

"நீங்கள் கணக்குத் தெரிந்தவர்," என்றார் குரலைத் தாழ்த்தி. "எதை வாங்கினால் விழும்?"

கிருஷாந்தின் முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. வரிசை முழுவதும் காதைக் கொடுத்தது. இதில் வெல்ல எவ்வளவு வாய்ப்பு என்று அவன் நேர்மையாகச் சொல்லத் தொடங்கினான். மாமா பாய்ந்து வந்தார்.

"டேய், மரியாதையான கடையிலை நிண்டு சூதாட்டக் கதை கதைக்காதை."

அவர் என்ன சொல்கிறார் என்று அம்மையார் கேட்டார். கிருஷாந் ஆங்கிலத்தில் சொன்னான். மிகச் சரியான கொள்கை என்று மாமாவைப் பாராட்டிவிட்டு, அம்மையார் இன்னும் இரண்டு கேட்டார். கிருஷாந் வாயை மூடிக்கொண்டு கிழித்துக் கொடுத்தான், விசா முக்கியம். அடுத்த கார்ட்டில் பரிசு அம்மையாருக்கு விழுந்துவிடுமோ என்ற பயத்தில், நான் முந்திக்கொண்டு நாலு கேட்டேன்.