சைக்கிள் ஸ்டாண்டு நிரம்பிய நாள்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடுத்தபடியாக நிற்காமல் வெளிவந்துகொண்டிருப்பவை வால்டியூப்பின் மனுக்கள்தான். எங்கள் பிளாக் பள்ளிக்கூடத்துக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருப்பவர். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் மனுவின் கீழே அவரே 'வால்டியூப்' என்றுதான் கையெழுத்துப் போடுவார். கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் கழன்றால் முதல் மனு அவருடையது.

நான் அப்போது நிலக்கரி நிறுவனத்தின் கல்விப் பிரிவில் கோப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் மனுக்களுக்கென்றே தனிப் பதிவேடு போட்டேன். விதிப்படி அது தவறு; வேறு வழியில்லை.

பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், பள்ளிக்கான நிதியை நிறுத்தலாமா என்று ஒரு கோப்பு கிளம்பியது. ரகசியக் கோப்பு. மறுநாளே வால்டியூப் என் மேசை முன்னால் நின்றார். எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அலுவலகத்தில் எல்லோருடைய சைக்கிளும் அவரிடம்தான் போகிறது.

"பள்ளிக்கூடத்த மூடிட்டா இன்னா ஆவும் தெரியுமா சார்? புள்ள வச்சிருக்கிறவங்க வேற பிளாக்குக்கு குவாட்டர்ஸ் மாத்திக்கினு போயிடுவாங்க. பின்னாடியே தயிர்க்காரம்மா போவும். அப்புறம் முடிவெட்டுறவரு, தையல்காரரு. காலி வூட்டுக்குப் பாம்பு வரும். பாம்பு சைக்கிள் ஓட்டுமா?"

"ஓட்டாது."

"அத எழுதுங்க."

"பாம்புக்கு ஃபைல்ல எடமில்லப்பா."

பள்ளியை ஆய்வு செய்ய மூன்று அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள்; கோப்போடு நானும் போனேன். கடும் வெயில். வகுப்பறைகளைப் பார்ப்பது விதி. வராந்தாவில் நின்று இளநீர் குடிப்பது வழக்கம். அங்கிருந்து தெரிந்தது சைக்கிள் ஸ்டாண்டு. நிரம்பி வழிந்தது.

"இவ்வளவு சைக்கிளா? பிள்ளைங்க கொறைஞ்சிட்டாங்கன்னு போட்டிருக்கீங்களே?" என்றார் பெரிய அதிகாரி.

பார்த்தேன். ஒன்றின் ஹேண்டில்பாரில் சுரங்க ஹெல்மெட் தொங்கியது. இன்னொன்றின் கேரியரில் பால் கேன். கடையில் ரிப்பேருக்கு விட்ட அத்தனையும் அங்கே நின்றன. மூன்றாவது வரிசையில், நீல சீட் உறையோடு, முந்தின நாள் பிரேக் சரிபண்ணக் கொடுத்த என் சைக்கிள்.

எதிரே வால்டியூப் ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

என் சர்வீஸில் நான் பொய் எழுதியதில்லை. அன்றும் எழுதவில்லை. 'சைக்கிள் நிறுத்துமிடத்தில் காலி இடமில்லை' என்று குறிப்பு எழுதினேன். யாருடைய சைக்கிள் என்று கேட்கும் பத்தி படிவத்தில் கிடையாது.

நிதி ஒரு வருடம் நீடித்தது. இடம் இருந்தால் வெளியூர்ப் பிள்ளைகளையும் சேர்க்கலாம் என்று யாரும் புரட்டாத விதி ஒன்று உண்டு. காற்றடிக்கப் போனபோது அதைப் பேச்சோடு பேச்சாக அவர் காதில் போட்டுவைத்தேன். ஞாயிறுதோறும் பக்கத்துக் கிராமமான முத்தாண்டிக்குப்பம் போனார். "எங்க பள்ளிக்கூடத்துல சேர்ந்தா, படிப்பு முடியிறவரைக்கும் பஞ்சர் ஓசி" என்று வீடு வீடாக அறிவித்தார். அடுத்த ஜூனில் ஸ்டாண்டு மறுபடி நிரம்பியது. இந்த முறை பிள்ளைகள் ஓட்டிவந்த சைக்கிள்களால். தயிர்க்காரம்மா இன்னும் வருகிறார். பாம்பு வரவில்லை.

ஆய்வு நடந்த அன்று மாலையே சைக்கிளை வாங்கப் போயிருந்தேன். பிரேக் பழையபடி கிறீச்சிட்டது.

"என்னப்பா, சரி பண்ணலையா?"

"அது காலையிலேயே பள்ளிக்கூடம் போயிடுச்சி சார். இப்பதான் வூட்டுக்கு வந்திருக்கு."

ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு அதே சைக்கிள்தான். அந்தச் சத்தம் கேட்டால் போதும், வால்டியூப் செய்கிற வேலையை விட்டுத் தலைதூக்கிப் பார்ப்பார். அதனாலேயே பிரேக்கை நான் இன்னும் சரிபண்ணவில்லை.