விசாகத்துக்கு எட்டாம் நம்பர் செருப்பு

செருப்பு வாங்க வந்த கூட்டம், செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுக் கல்யாண மண்டபத்துக்குள் முண்டியடித்தது. தூத்துக்குடியில் நல்ல முகூர்த்த நாளில்கூட அந்த மண்டபம் இப்படி நிரம்பியதில்லை. வாசலில் மலைபோல் குவிந்து கிடந்த பழைய செருப்புகளில் தன் ஜோடியைக் கண்டுபிடித்து வீடு போய்ச் சேர்ந்தவர்கள் பாக்கியவான்கள். மற்றவர்கள் அடுத்தவன் செருப்பில் போனார்கள்.

மேடைக்குப் பின்னால் பெரிய பேனர் கட்டியிருந்தது. "உங்கள் விதி உங்கள் காலடியில். பாதசித்தர் வழங்கும் வலம்புரி சக்திப் பாதரட்சை. மலையில், கடலோரத்தில், உப்பளத்தில் எங்கே நடந்தாலும் தேயாது. தோஷம் மட்டுமே தேயும்."

பாதரட்சை என்றதும் கட்டையும் குமிழும் என்று நினைத்துவிடக் கூடாது. சித்தர் காலத்தோடு ஒத்துப்போகிறவர். மலையேறப் போகிறவர்கள் மாட்டுகிற மாதிரி, தடித்த அடியும் மூன்று பட்டையும் வைத்த ஸ்போர்ட்ஸ் சாண்டல்தான். குதிகால் இருக்கும் இடத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு குழி. குழிக்குள் வெள்ளைப் பொடி. மேலே பிளாஸ்டிக் மூடி. பொடி, வலம்புரிச் சங்கை இடித்து எடுத்ததாம்.

இந்தக் கடற்கரையில் பரம்பரையாகச் சங்கு குளித்தவர்களில்கூட வலம்புரியைக் கையால் தொட்டவர்கள் அபூர்வம். கிடைத்தவர்கள் பட்டுத்துணியில் பொதிந்து பூஜை அறையில் வைத்திருக்கிறார்கள். அதை இடித்துப் பொடியாக்கிக் குதிகாலுக்கு அடியில் வைத்திருக்கிறார் ஒரு மனிதர். சங்கை மிதிக்கலாமா என்று ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "நீ அதை மிதிக்கலப்பா, அது உன்னைத் தாங்குது" என்றார் சித்தர். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஊருக்கே செருப்பு செய்யுமளவுக்கு வலம்புரி எந்தக் கடலில் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. கைதட்டும்போது கேள்வி கேட்பது கஷ்டம்தானே.

செருப்பைத் தேர்ந்தெடுக்கும் முறையும் புதுமையானது. எந்த நம்பர் என்பதை நட்சத்திரம் சொல்லும். எந்த நிறம் என்பதை ராசி சொல்லும். காலிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

மூன்றாவது வரிசையில் உமாராணி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் தங்கதுரை, கருப்பட்டி மண்டிக்காரர், கைகூப்பியபடி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலில் சித்தர் தந்த பச்சை நிறச் செருப்பு. அதற்குள் காவி நிறக் காலுறை. அந்தக் காலுறைக்குள் என்ன இருக்கிறது என்பது உமாராணிக்குத் தெரியாது. அதுதான் அவளுடைய பயம்.

தங்கதுரைக்குச் சுகர் வந்து பல வருஷம் ஆயிற்று. பாதம் மரத்துப்போயிருந்தது. டாக்டர் ஈவாஞ்சலின் அவர் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் ஒரு நைலான் இழையால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். அவர் ஒரு இடத்திலும் சரியாகச் சொல்லவில்லை. டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். சாயங்காலம் கால் வீங்கியிருக்கும்போது செருப்பு வாங்க வேண்டும். விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட வேண்டும். போடுவதற்கு முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு கொப்புளம் புண்ணானால் போதும், விரலை எடுக்கிற நிலைமை வந்துவிடும்.

"எத்தனை நாளைக்கு டாக்டர் இதெல்லாம்?" என்று கேட்டார் தங்கதுரை.

"ஆயுசுக்கும்" என்றார் டாக்டர்.

சித்தரோ ஒரு மண்டலம் போதும் என்றார். தங்கதுரை கணக்குத் தெரிந்த வியாபாரி. எது லாபம் என்று பார்த்து சித்தரிடம் போய்விட்டார்.

அவர் காலுக்கு ஒன்பதாம் நம்பர்தான் சேரும். விசாக நட்சத்திரத்துக்கு எட்டு என்று சித்தர் சொல்லிவிட்டார். அதோடு நிற்கவில்லை. மண்டலம் முடியும்வரை பாதத்தை யாரும் பார்க்கக் கூடாது, பெண்டாட்டி கண் பட்டால் சக்தி இறங்கிவிடும் என்று ஒரு கட்டளை. செருப்பு கடித்தால் பயப்பட வேண்டாம், சனி வெளியேறுகிறார் என்று ஒரு விளக்கம். கடித்தால் தெரிகிற கால் உள்ளவனுக்காவது அந்த விளக்கம் பயன்படும். இவருக்கு அதுவும் இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமை அதே செருப்போடு திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை கிளம்புகிறார். கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். "ஏளா, ஒனக்கு நம்பிக்கை இல்லன்னா பேசாம இரு" என்று ஒரே பதில்தான் வந்தது. இன்றைக்குப் பாதயாத்திரைக்காரர்களுக்குச் சிறப்பு ஆசீர்வாதம் என்று கிளம்பியவரோடு அவளும் வந்துவிட்டாள்.

மேடையில் இப்போது சக்திச் சோதனை. மீன் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிற ஜெரால்டு ஏறி நின்றான். கடலுக்குப் போகிற தம்பி விக்டருக்கும் சேர்த்து இரண்டு ஜோடி வாங்க வந்தவன். நட்சத்திரம் தெரியாது என்று அவன் கையை விரித்தபோது, ஞானஸ்நானம் வாங்கிய தேதி போதும் என்று சித்தர் பெரிய மனது பண்ணியிருந்தார். மத வேற்றுமை பாராட்டாதவர். எல்லார் பணமும் ஒரே நிறம்தான்.

ஜெரால்டு தன் பழைய ரப்பர் செருப்போடு, கால்களைச் சேர்த்து, கைகளைப் பக்கவாட்டில் நீட்டி நின்றான். சித்தர் இரண்டு விரலால் அவன் மணிக்கட்டை அழுத்தினார். சாய்ந்துவிட்டான். அடுத்து சக்திச் செருப்பைப் போட்டு நிற்கச் சொல்லி அழுத்தினார். தூண் மாதிரி நின்றான். மண்டபம் அதிர்ந்தது.

உமாராணி சித்தரின் விரலைப் பார்க்கவில்லை, முழங்கையைப் பார்த்தாள். சாயவைத்தபோது அது வெளிப்பக்கம் போயிற்று. நிற்கவைத்தபோது ஜெரால்டின் உடம்புப் பக்கம் வந்தது.

அவளுக்குச் சட்டென்று மண்டி ஞாபகம் வந்தது. உடன்குடியிலிருந்தும் சாத்தான்குளத்திலிருந்தும் கருப்பட்டிப் பெட்டிகள் வந்து இறங்கினால், எது யாருடையது என்று தெரியாதபடி அவள் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சில்லு உடைத்து நீட்ட வேண்டும். அப்போதுதான் தங்கதுரை ருசி பார்ப்பார். சொந்தக்காரன் சரக்கு என்று தெரிந்தால் நாக்கு இளகிவிடும் என்பது அவர் கொள்கை. சுகர் வந்த பிறகும் நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவாரே தவிர, அந்த வழக்கத்தை விடவில்லை. நாக்கை நம்பாத மனிதர் நட்சத்திரத்தை நம்பியதுதான் வேடிக்கை.

உமாராணி எழுந்து மேடைக்குப் போனாள். மண்டபத்து ஜமக்காளம் ஒன்று அவள் கையில் இருந்தது.

"சாமி, ஒரு சின்ன ஆசை. இத இடுப்புல சுத்திட்டு ஆள் நிக்கட்டும். கால்ல என்ன கெடக்குன்னு ஒங்களுக்குத் தெரியாண்டாம். நீங்க அழுத்திப் பாத்துச் சொல்லுங்க, சக்தி இருக்கா இல்லையான்னு."

"சாமியைச் சோதிக்கக் கூடாதும்மா."

"சாமிய யாரு சோதிக்கா? செருப்பத்தான."

முன்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். "சாமிக்குத் தெரியாததா, செய்யட்டுமே" என்று பக்தர்களே குரல் கொடுத்தார்கள். பக்தர்களால் சித்தருக்கு வந்த முதல் சங்கடம் அது.

ஜெரால்டு உமாராணியோடு மேடைத் திரைக்குப் பின்னால் போய், பின்வாசலில் நின்ற தன் ஆட்டோவரை ஓடிப்போய் வந்து, இடுப்பில் ஜமக்காளத்தைப் பாவாடையாகச் சுற்றிக்கொண்டு, தரையோடு தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தான். சித்தர் கண்ணை மூடினார். உதடு அசைந்தது. அழுத்தினார். ஜெரால்டு அசையவில்லை.

"வலம்புரி பேசுது. இவன் காலில் இருப்பது சக்திப் பாதரட்சை."

ஜெரால்டு ஜமக்காளத்தைத் தூக்கினான். அவன் ஆட்டோவில் கிடந்த மீன்பெட்டியின் தெர்மகோல் மூடி, இரண்டு துண்டாக உடைத்து, கயிற்றால் காலில் கட்டியிருந்தது. ஒரு துண்டில் சாளை மீனின் செதில் ஒட்டியிருந்தது.

சித்தர் ஒரு நொடிதான் தடுமாறினார்.

"மீனும் கடல், சங்கும் கடல். கடல் சக்திதானே பேசியிருக்கு?"

அதற்கும் பாதிக் கூட்டம் கைதட்டியது. உமாராணிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இன்னொன்றும் சொன்னார் சித்தர். "நம்பிக்கை இல்லாதவன் உடம்பு பொய் சொல்லும். என் சீடர் ஒருத்தர் வரட்டும். விசாக நட்சத்திரம், தங்கதுரை அண்ணாச்சி."

தங்கதுரை மார்பை நிமிர்த்திக்கொண்டு மேடை ஏறினார். பெண்டாட்டி செய்த அபசாரத்துக்குத் தானே பரிகாரம் செய்கிற வேகம் முகத்தில் தெரிந்தது. திரைக்குப் பின்னால் ஜெரால்டு அவர் இடுப்பில் ஜமக்காளத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டான். உமாராணி குனிந்து, ஒவ்வொரு காலாகத் தூக்கிச் செருப்பின் பட்டையைப் பிரித்தாள். காலுறை இருக்கிறது, அவள் கண் படாது என்று அவரும் தடுக்கவில்லை.

வலதுகால் காலுறை சுண்டுவிரலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக இழுத்தாள். உள்ளே புண் வாய் பிளந்திருந்தது. பழைய ரத்தம் கறுத்திருந்தது, புது ரத்தம் கசிந்தது. மேலே நின்ற மனிதர் ஒரு முனகல்கூட முனகவில்லை.

இப்போதே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடலாம். ஓடினால், நாளைக்கே மறுபடி இங்கே வந்து நிற்பார். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு அவரை மேடைக்கு நடத்தி வந்தாள்.

சித்தர் இந்த முறை எந்தப் பக்கம் அழுத்தினால் பாதுகாப்பு என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். அழுத்தினார். தங்கதுரை உறுதியாக நின்றார்.

"சக்தி ஏறுதா அண்ணாச்சி?"

"ஏறுது சாமி. முழங்கால் வரைக்கும் வந்துட்டு."

"ஏங்க" என்றாள் உமாராணி. "சாமி தந்த செருப்பு ஒங்க கால்லதான இருக்கு?"

"பின்ன எங்கன இருக்கும்? நீதானளா கழட்டி மாட்டுன."

உமாராணி ஜமக்காளத்தை உருவினாள்.

தங்கதுரை வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். பச்சைச் செருப்பு இரண்டும் அவள் கையில் இருந்தன. தங்கதுரை குனிந்து பார்த்தார். திரையிலிருந்து மேடைவரை தரையில் வரிசையாகச் சிவப்புத் திட்டுகள்.

"இது யாரு ரத்தம்?" என்று கேட்டார்.

பிறகு அவரே தன் வலதுகாலைத் தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பிள்ளை மாதிரி உமாராணியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"தோஷம் வெளியேறுது" என்று தொடங்கினார் சித்தர்.

"அடுத்து நீரு வெளியேறணும்" என்றான் ஜெரால்டு.

உமாராணி செருப்பின் குதிகால் மூடியை நகத்தால் நெம்பினாள். பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தாள். தினமும் வாசலில் அவள் போடுகிற கோலமாவு. பிறகு ஜெரால்டை நிற்கவைத்து, சித்தர் அழுத்தியது போலவே அழுத்தினாள். வெளிப்பக்கமாக அழுத்தினால் சாய்ந்தான், உட்பக்கமாக அழுத்தினால் நின்றான். "இம்புட்டுதான் சக்தி. யாரு வேணும்னாலும் வீட்டுல செஞ்சு பாருங்க" என்று சொல்லிவிட்டு, புருஷனை ஜெரால்டின் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். கூட்டம் மேடையில் ஏறியபோது சித்தர் சமையல்கட்டு வழியாகப் போயிருந்தார். முன்பு சாத்தான்குளத்தில் இடுப்பு மெலியும் பெல்ட் விற்ற பாண்டித்துரைதான் அவர் என்பது இரண்டொரு பேருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெல்ட்டும் அவர்கள் வாங்கியிருந்தார்கள்.

டாக்டர் ஈவாஞ்சலின் நிறையத் திட்டினார். விரல் தப்பியது. பாதயாத்திரை நின்றது. புண் ஆறிய பிறகு ஒரு சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் கடைக்குப் போனார்கள். ஒன்பதாம் நம்பர் சாண்டலுக்குள் கைவிட்டுத் தையலைத் தடவி, அடியை வளைத்து, பட்டையை இழுத்து, விரலுக்கு முன்னால் இடம் விட்டு, தங்கதுரை கடைக்காரனின் பொறுமையைச் சோதித்துவிட்டார். உடன்குடிக் கருப்பட்டிக்காரர்கள் அவரிடம் பலகாலமாகப் படுகிற பாடு அது.

ஆனால் அதற்கு முன்னால், கட்டுப் போட்ட காலோடு அவர் மண்டியில் உட்கார்ந்திருந்தபோதே ஒருவர் வந்தார். அன்றைக்கு மண்டபத்தில் எல்லாவற்றையும் நேரில் பார்த்தவர். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணாச்சி, அந்தப் பச்சைச் செருப்ப நீங்க போட மாட்டியன்னா எனக்குத் தாங்களேன். நானும் விசாகந்தான்."

தங்கதுரை கட்டுப் போட்ட காலைத் தூக்கிக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார்.

"இதுவும் விசாகந்தான். மோந்து பாத்துட்டு வாங்கிட்டுப் போம்."

காலையில் செருப்பைப் போடும்போது உள்ளே தேள் இருக்குமோ என்று தட்டி உதறிப் போடுகிறோம். கொட்டினால் காலுக்கு வலிக்கும் என்று தெரிகிறது. காதுக்குள் ஒருவன் சொல்வதையும் அப்படி ஒருமுறை தட்டி உதறிப் பார்ப்பதற்கு, அறிவும் மரத்துப்போகாமல் இருக்க வேண்டும்.