நம்ம பக்கம் சரியாத்தான் இருக்கு

உலகத்தில் 'நம்ம பக்கம் சரியாத்தான் இருக்கு' என்றொரு இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். குழாய் ரிப்பேர் செய்கிறவர், ஜாக்கெட் தைக்கிறவர் என்று எல்லாத் தொழிலிலும் இவர்கள் பரவிக் கிடந்தாலும், கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் இந்த இனம் கொழுத்தது. காரணம், மற்ற தொழிலில் தப்பு கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சிவகாசி முத்துப்பாண்டியை எடுத்துக்கொள்வோம். பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆர்டர், லோடு, பில் எல்லாம் பார்க்கிற புரோகிராம் எழுதுகிறவர். கெட்டிக்காரர், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் புரோகிராம் நின்றுவிட்டது என்று போன் வந்தால், கரண்ட் எப்படி வருது, யுபிஎஸ் எந்தக் கம்பெனி, பென் டிரைவை யார் செருகினது, பிரிண்டர் மேல் யார் டீ கிளாஸை வைத்தது என்று விசாரணை கிளம்பி, கம்ப்யூட்டரைத் துடைக்கிற அம்மாள் வரை போய்த்தான் நிற்கும். தம் எழுத்தில் பிழையா? சேச்சே.

விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கும் ஜமால் முகம்மதுவுக்கும் இவர்தான் புரோகிராம் கொடுத்தார். உங்களுக்கென்றே புதிதாக எழுதினது பாய் என்று அடித்துச் சொல்லிக் கொடுத்தார். நன்றாகத்தான் ஓடியது, தீபாவளி அன்று காலை வரை.

பாய்க்கு அன்று விடுமுறை இல்லை. தூத்துக்குடியில் கப்பல் நிற்கிறது. சாயங்காலத்துக்குள் லோடு போய்ச் சேராவிட்டால் கொழும்புக்காரர் இனி இந்த மண்டிப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார். பில் இல்லாமல் லாரி நகராது. பில் அடிக்கப் போனால் புரோகிராம் பொத்தென்று விழுகிறது.

முத்துப்பாண்டி எண்ணெய்த் தலையை அரைகுறையாக அலசிக்கொண்டு புதுச் சட்டையில் வந்து இறங்கினார். வந்ததும் மூக்கை உறிஞ்சிப் பார்த்து, வத்தல் நெடி மெஷினுக்குள் புகுந்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னார்.

கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் பாயின் மகள் மஹ்ரீன் பக்கத்தில் நின்றிருந்தாள். "அண்ணே, விழுந்த இடத்து அட்ரஸைக் கொடுத்துப் பாத்தீகளா?" என்றாள்.

முத்துப்பாண்டி காதில் விழாதது மாதிரி பிளக்கை ஆட்டிப் பார்த்தார். புரோகிராம் விழும்போது, விழுந்த இடத்தை ஓர் எண்ணாக விட்டுவிட்டுப் போகும். அந்த எண்ணைக் கறுப்புத் திரையில் 'அட்ரஸ்-டு-லைன்' என்கிற கட்டளைக்குக் கொடுத்தால், எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்று சொல்லிவிடும். கரண்டையும் டீ கிளாஸையும் அது விசாரிப்பதே இல்லை.

மஹ்ரீன் எண்ணைக் கொடுத்தாள். இரண்டு கேள்விக்குறியும் ஒரு பூஜ்ஜியமும் வந்தன. முத்துப்பாண்டிக்குப் போன உயிர் திரும்பியது. கட்டளைக்கே தெரியாத தப்பு எனக்கு எப்படித் தெரியும் என்று நாற்காலியில் சாய்ந்தார். மஹ்ரீன் விடவில்லை. எந்த எண் எந்த வரி என்று காட்டும் அடையாளத்தைச் சேர்க்காமல் புரோகிராமைக் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள், சேர்த்து மறுபடி கட்டுங்கள் என்றாள். வெளியே லாரிக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். வேறு வழியில்லாமல், திரையை உடம்பால் மறைத்துக்கொண்டு கட்டினார். புரோகிராம் மறுபடி விழுந்தது. புது எண்ணை மஹ்ரீன் கொடுத்தாள்.

வந்த விடையைப் பாய் எழுத்துக் கூட்டி வாசித்தார். "பட்டாசு டாட் சி. இருநூத்திப் பன்னெண்டு."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, நான் வத்தல்தானே விக்கிறேன். பட்டாசு எங்கன வந்துச்சு?"

பாக்கி ஆர்டரைத் தீபாவளிக்கு மிச்சமுள்ள நாட்களால் வகுத்து, இன்றைக்கு எத்தனை பெட்டி ஏற்ற வேண்டும் என்று பட்டாசுக்காரர்களுக்குச் சொல்லும் வரி அது. அவர்களுடைய புரோகிராமையே எடுத்துப் பட்டாசை வத்தலாக்கிய அவசரத்தில் விடையைத் திரையிலிருந்து எடுத்தவர், வகுத்தலை எடுக்க மறந்துவிட்டார். அன்றுதான் தீபாவளி. மிச்ச நாள் பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தால் வகுக்கச் சொன்னால் கம்ப்யூட்டர் விழாமல் என்ன செய்யும்? சிவகாசியில் இது வெளிப்பட வழியே இல்லை. தீபாவளி அன்று அங்கே பில் போட ஆள் ஏது?

வரியை அழித்தார். பில் வந்தது, லாரி கிளம்பியது. பாய் மட்டும் அவர் மேலிருந்து பார்வையை எடுக்கவில்லை. முத்துப்பாண்டி புதுச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"நம்ம பக்கம் சரியாத்தான் இருக்கு பாய். நீங்க எதுக்குத் தீபாவளி அன்னைக்குக் கடையத் திறந்தீக?"

சிரிக்கிறீர்களா? நேற்றுக் குழம்பில் உப்புக் கூடியதற்கு உப்புக் கம்பெனியைத் திட்டியது யார்? அந்தக் கட்டளையை உங்களுக்கும் போட்டுப் பார்க்கலாம்தான். வெறும் கேள்விக்குறிதான் வரும் என்று தைரியமாக இருக்கிறீர்களா?

முத்துப்பாண்டிக்கும் முதலில் அதுதான் வந்தது.